கிழித்தது காற்றல்ல

ஆடிக்காற்று ஓய்ந்த பிறகு ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் போனால், கூரை கிழிந்து தொங்கும் பசுமைக்குடில்கள் கண்ணில் படும். விவசாயியைக் கேட்டால் காற்று கிழித்துவிட்டது என்பார். ஷீட் விற்றவரும் அதையேதான் சொல்வார். காற்றுச் சேதத்துக்கு உத்தரவாதம் கிடையாது என்பதையும் சேர்த்துச் சொல்வார். கடன் தவணை காற்றைப் பார்த்து நிற்காது. உள்ளே இருக்கும் ரோஜாவோ ஜெர்பராவோ குடைமிளகாயோ மழைக்குத் திறந்து கிடக்கும்.

இந்தக் கிழிசல்கள் எல்லாமே காற்றின் வேலை அல்ல. நல்ல நிலையில் இருக்கும் பாலித்தீன் தாளிலிருந்து ஒரு விரல் அகலத்துக்கு நாடாவாக வெட்டி இரண்டு கையாலும் இழுத்துப் பாருங்கள். இழுக்க இழுக்க நீளும். தன் நீளத்தைப் போலப் பல மடங்கு நீண்ட பிறகே அறும். பலத்த காற்றில் கூரையைக் காப்பாற்றுவது அந்த நீட்சிதான். வெயில் அதை மெல்ல மெல்லத் தின்றுவிடுகிறது. வெளிப்பார்வைக்குத் தாள் அப்படியே இருக்கும். கொஞ்சம் மஞ்சள் தட்டியிருக்கும், கொஞ்சம் மங்கியிருக்கும், அவ்வளவுதான். இழுத்தால் மட்டும் நீளாமல் அப்பளம்போல முறியும். சித்திரை, வைகாசியில் அந்த நிலைக்கு வந்துவிட்ட தாளை ஆடியின் முதல் பலத்த காற்று முடித்து வைக்கிறது. பழி காற்றின் மேல் விழுகிறது, நட்டம் உங்கள் தலையில் விழுகிறது.

ஷீட் வாங்கப் போகும்போது நாம் கேட்கும் முதல் கேள்வி, எத்தனை மைக்ரான்? அடுத்த கேள்வி, கிலோ என்ன விலை? யு.வி. பற்றிக் கேட்பவர்கள் அதற்குப் பிறகுதான் கேட்கிறார்கள். "யு.வி. போட்டதுதாங்கண்ணா" என்ற பதிலோடு அந்தப் பேச்சும் முடிந்துவிடுகிறது. என்ன போட்டது, எவ்வளவு போட்டது, எந்த ஊர் வெயிலுக்கு எத்தனை ஆண்டு தாங்கப் போட்டது என்று யாரும் கேட்பதில்லை. கூரையின் ஆயுள் மைக்ரானில் இருப்பதைவிட இந்தக் கேள்விகளுக்கான பதிலில்தான் அதிகம் இருக்கிறது.

சூரிய ஒளியின் மொத்த ஆற்றலில் புற ஊதாக் கதிரின் பங்கு நூற்றுக்கு ஐந்து அளவே. பிளாஸ்டிக்கின் பிணைப்பை அறுக்கும் வலு அந்த ஐந்து பங்குக்கு உண்டு. பாலித்தீன் என்பது கார்பனும் ஹைட்ரஜனும் கோத்த நீண்ட சங்கிலிகள். முற்றிலும் சுத்தமான சங்கிலி, நிலத்தை வந்தடையும் இந்தக் கதிரை உறிஞ்சுவதே இல்லை. ஆனால் ஆலையில் உருக்கித் தாளாக ஊதும்போதே சங்கிலியின் சில இடங்களில் ஆக்சிஜன் ஒட்டிக்கொள்கிறது. தயாரிப்பில் பயன்படுத்திய வினையூக்கியின் மிச்சமும் கொஞ்சம் தங்குகிறது. கதிர் பிடித்துக்கொள்வது இந்தப் பலவீனமான இடங்களைத்தான். அங்கே ஒரு பிணைப்பு அறுந்தால், நிலைகொள்ளாத ஒரு துணுக்கு பிறக்கிறது. அது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு கூடிப் பக்கத்துச் சங்கிலியைத் தாக்குகிறது. அங்கே பிறக்கும் துணுக்கு அடுத்ததைத் தாக்குகிறது. வைக்கோல் போரில் விழுந்த பொறி மாதிரிதான். முதல் பொறி சிறியது, பிறகு போரே தன்னைத்தான் எரித்துக்கொள்கிறது. வெப்பம் கூடினால் இந்த வேலை இன்னும் வேகமாக நடக்கும்.

நம் வெயிலுக்கு இதில் தனிக் கணக்கு. மின்சார மீட்டர் கணக்கில் சொன்னால், தமிழ்நாட்டில் ஒரு சதுர மீட்டர் பரப்பில் விழும் சூரிய ஆற்றல் ஆண்டுச் சராசரியாக நாளொன்றுக்கு 5 யூனிட்டுக்கு மேல். பசுமைக்குடில் தொழிலுக்குப் பேர்போன நெதர்லாந்தில் அது 3 யூனிட்டைத் தொடுவதே அரிது. தாள் தயாரிப்பவர்கள் இதையே கிலோலாங்லி என்ற அளவில் பேசுவார்கள். வட ஐரோப்பாவில் ஆண்டுக்கு 100 கிலோலாங்லி அல்லது அதற்கும் கீழே; நம்மிடம் 160 வாக்கில். அங்கே ஐந்து ஆண்டு உழைக்கும் தாள் இங்கே மூன்று ஆண்டில் அதே வெயிலைக் குடித்துவிடும். எனவே அட்டைப்பெட்டியில் அச்சிட்ட ஆண்டுக் கணக்கைப் பார்த்ததும் கேட்க வேண்டியது, இது எந்த நாட்டு வெயிலுக்கு எழுதிய கணக்கு என்பதைத்தான். கொடைக்கானல், ஊட்டி விவசாயிகளுக்கும் ஒரு வார்த்தை. குளிர் இருப்பதால் ஷீட் பிழைத்துக்கொள்ளும் என்பது பாதிதான் உண்மை. 1000 மீட்டர் உயரம் ஏறினால் புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடுகிறது.

எந்தக் காப்பும் இல்லாத பாலித்தீன் தாள் நம் வெயிலில் ஓர் ஆண்டு தாக்குப்பிடிப்பதே பெரிய காரியம். அதனால்தான் தயாரிக்கும்போதே வெயில்காப்புப் பொருள்களைச் சேர்க்கிறார்கள். இவை பெரும்பாலும் மாஸ்டர்பேட்ச் என்ற குருணை வடிவில் வந்து, பாலித்தீன் குருணையோடு கலந்து உருக்கப்படுகின்றன. தாளின் மேல் பூசிய பூச்சு என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படி அல்ல; மாவில் உப்புப் போல உள்ளே கலந்திருப்பது.

இவற்றில் மிகப் பழையதும் மலிவானதும் கார்பன் கருமை, அதாவது மிக நுண்ணிய கரித்தூள். 2 முதல் 2.5 சதவீதம் கலந்தால் போதும். கதிர் உள்ளே இறங்கவே முடியாது. சொட்டுநீர்ப் பக்கவாட்டுக் குழாய் ஆண்டுக்கணக்கில் வெட்டவெளியில் கிடந்தும் பிழைத்திருப்பதற்குக் காரணம் அதன் கறுப்பு நிறமே. பண்ணைக்குட்டை விரிப்பு கறுப்பாக இருப்பதும், கறுப்பு நிழல்வலை மலிவான பச்சை வலையைவிடப் பெரும்பாலும் கூடுதல் காலம் உழைப்பதும் இதனால்தான். ஆனால் குடிலின் கூரைக்குக் கறுப்பு ஆகாது. பயிருக்கு ஒளி வேண்டும். ஒளியை உள்ளே விட வேண்டும், அதே ஒளி தாளைக் கொல்லவும் கூடாது. சிக்கலே இங்கேதான்.

அதற்கு முதலில் வந்தவை, கதிரைத் தாமே உறிஞ்சி வெப்பமாக மாற்றிவிடும் பொருள்கள். தடிமனான பொருளில் இவை நன்றாக வேலை செய்யும்; மெல்லிய தாளில் மேற்பரப்பைக் காக்கப் போதிய ஆழம் கிடைக்காது. அடுத்து நிக்கல் கலந்த சேர்மங்கள். இளம்பச்சை மஞ்சள் சாயலில் பழைய குடில் தாள்களைப் பார்த்திருப்பீர்கள். அந்த நிறம் நிக்கலின் அடையாளம். பூச்சிமருந்தையும் கந்தகத்தையும் அவை நன்றாகவே தாங்கின. ஆனால் நிக்கல் கன உலோகம், கழிவாகும்போது தொல்லை. அதனால் உலகெங்கும் அது குறைந்துவருகிறது.

1970களில் வந்த ஹால்ஸ் என்ற அமீன் வகைச் சேர்மங்கள்தான் நிலைமையை மாற்றின. இவை கதிரைத் தடுப்பதில்லை. கதிர் அறுத்ததால் பிறக்கும் அந்த நிலைகொள்ளாத துணுக்குகளைப் பிடித்து அடக்குகின்றன. அடக்கிய பிறகு தாமே பழைய நிலைக்குத் திரும்பி, அடுத்த துணுக்கைப் பிடிக்கப் போகின்றன. வைக்கோல் போரைச் சுற்றி ஈரச் சாக்கோடு நிற்கும் காவலாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பொறியை அணைத்ததும் அவர் வேலை முடிவதில்லை. ஒரு கிலோ தாளில் சில கிராம் ஹால்ஸ் இருந்தாலே ஆண்டுக்கணக்கில் காக்க முடிவது இந்தத் திரும்பத் திரும்ப உழைக்கும் குணத்தால்தான்.

அந்தச் சில கிராமில்தான் வியாபாரத்தின் சூட்சுமமும் இருக்கிறது. ஹால்ஸ் விலை பாலித்தீன் விலையைப் போலப் பல மடங்கு. கிலோவுக்கு ஆறு கிராம் போட வேண்டிய இடத்தில் இரண்டு கிராம் போட்டாலும் தாள் அதே தாள்தான். அதே பளபளப்பு, அதே மைக்ரான், அதே எடை. முதல் நாளிலோ முதல் ஆறு மாதத்திலோ எந்த வேறுபாடும் தெரியாது. இரண்டாம் ஆண்டுச் சித்திரையில்தான் தெரியும். பழைய பிளாஸ்டிக்கை உருக்கிய மறுசுழற்சிக் குருணையைக் கலந்தாலும் இதே கதைதான். ஏற்கெனவே வெயில் தின்ற சங்கிலிகள் அதில் இருப்பதால், பலவீனமான இடங்கள் தொடக்கத்திலேயே அதிகம். மறுசுழற்சியை நாம் குறை சொல்லவில்லை. வாளிக்கும் குப்பைக்கூடைக்கும் அது சரி, மூன்று ஆண்டு வெயிலில் நிற்க வேண்டிய கூரைக்குச் சரியல்ல.

இனி, நாமே செய்துகொள்ளும் கேட்டையும் பேச வேண்டும். ரோஜாவில் சாம்பல் நோய்க்கு நனையும் கந்தகம் தெளிக்கிறோம். சில குடில்களில் கந்தகத்தைச் சூடாக்கி ஆவியாகவும் விடுகிறார்கள். கந்தகம் மலிவு, நோயையும் கட்டுப்படுத்துகிறது. அதை விட்டுவிடுங்கள் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் ஹால்ஸ் காரத்தன்மை கொண்டது. கூரையில் படியும் கந்தகம் வெயிலிலும் ஈரத்திலும் அமிலமாக மாறுகிறது. அமிலமும் காரமும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பது மண் பரிசோதனை அட்டை வைத்திருக்கும் உங்களுக்குத் தெரியாததல்ல. காவலாளின் கை கட்டப்பட்டுவிடுகிறது. குளோரின் உள்ள பூச்சிமருந்துகளும், மண்ணைக் கிருமிநீக்கம் செய்யப் பயன்படும் மெட்டாம் சோடியம் போன்றவையும் இதே வேலையைச் செய்கின்றன. தயாரிப்பாளர்கள் உத்தரவாதத்தில் கந்தகத்துக்கும் குளோரினுக்கும் தனித்தனி வரம்பு போடுவது இதனால்தான். தாளில் அந்த அளவுக்கு மேல் படிந்திருந்தால் உத்தரவாதம் செல்லாது. சின்ன எழுத்தில் இருக்கும் அந்த வரியை வாங்கும் முன்பே படித்துவிடுங்கள்.

அமிலத்துக்கு எளிதில் மசியாத புதிய வகை ஹால்ஸும் இருக்கிறது. விலை கூடுதல். ரோஜா வளர்ப்பவர், கந்தகம் நிச்சயம் பயன்படுத்துவேன் என்று விற்பவரிடம் முன்கூட்டியே சொல்லி, கந்தகம் தாங்கும் தாள் என்று எழுத்தில் வாங்குவதே புத்திசாலித்தனம். தெளிக்கும்போது விசைத்தெளிப்பானின் முனை கூரையை நோக்கித் தூக்கிப் பிடிக்காமல் இருக்கட்டும். ஆவியாக விட்ட மறுநாள் காலையில் பக்கத் திரைகளைத் திறந்து குடிலைக் காற்றாட விடுங்கள். மண் கிருமிநீக்கம் செய்த பிறகும் அப்படியே.

கிழிசல் எங்கே தொடங்குகிறது என்று கவனித்திருக்கிறீர்களா? பெரும்பாலும் குழாய் மேல் படிந்திருக்கும் கோட்டில்தான். நடுப்பகலில் இரும்புக் குழாய் கை வைக்க முடியாத அளவுக்குச் சுடுகிறது. அங்கே தாளின் சிதைவு பல மடங்கு வேகம். துருப்பிடித்த இரும்பும் செம்பும் அந்தச் சிதைவைத் தூண்டிவிடும் என்பதால் துரு ஏறிய குழாய் இன்னும் மோசம். குழாயின் மேற்பக்கம், தாள் படும் இடத்தில் மட்டுமாவது வெள்ளை பூசினால் சூடு குறையும். வெல்டிங் வைத்த இடத்தில் துத்தநாகப் பூச்சு போயிருக்கும். அதைச் சரிசெய்யாமல் தாள் ஏற்றக் கூடாது. தாளைத் தொய்வாகக் கட்டினால் காற்றில் படபடத்து அதே கோட்டில் தேயும். கொளுத்தும் வெயிலில் இழுத்துக் கட்டினால் இரவுக் குளிரில் சுருங்கி விண்ணென்று இறுகும். காலை வேளையில், காற்றில்லாத நாளில் ஏற்றுவதே நல்லது. வாங்கிய சுருளை ஏற்றும் நாள் வரை களத்து மேட்டில் வெயிலில் போட்டு வைப்பவர்களும் உண்டு. உத்தரவாதக் காலத்தில் சில மாதத்தை அங்கேயே செலவழித்துவிடுகிறார்கள்.

கடைப் பேச்சில் ஒரு குழப்பம் அடிக்கடி வருகிறது. வெயிலால் கெடாத தாள் என்பது ஒன்று. புற ஊதாக் கதிரைப் பயிருக்குப் போகாமல் தடுக்கும் தாள் என்பது வேறொன்று. இரண்டையும் யு.வி. ஷீட் என்றே சொல்லி விற்கிறார்கள். கதிரைத் தடுக்கும் தாளால் சிவப்பு ரோஜாவின் இதழ் ஓரம் கறுப்பது குறைகிறது. வெள்ளை ஈக்கு அந்தக் கதிர் இல்லாமல் வழி தெரிவதில்லை என்பதால் அதன் நடமாட்டமும் மட்டுப்படுகிறது. ஆனால் தேனீயும் அதே கதிரைக் கொண்டுதான் பூவைத் தேடுகிறது. மகரந்தச் சேர்க்கைக்குத் தேனீயை நம்பும் பயிருக்கு இது ஒத்துவராது. ஊதாக் கத்தரிக்காய் அந்தத் தாளின் கீழே நிறம் வெளுத்துப் போகும். உங்கள் பயிருக்கு எது வேண்டும் என்பதைத் தீர்மானித்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

இது குடில்காரர்களின் கவலை மட்டுமல்ல. பொள்ளாச்சிப் பக்கம் கொப்பரை உலர்த்தும் சூரிய உலர்த்திக்கு, குமரி மாவட்டத்தில் ரப்பர் மரத்தில் பால் வெட்டும் இடத்துக்கு மேல் கட்டும் மழைத்தடுப்புக்கு, அசோலாத் தொட்டிக்கு, நெல் காயப்போடும் தார்ப்பாய்க்கு, எல்லாவற்றுக்கும் இதே கணக்குத்தான். பாலிகார்பனேட் தகடு போட்டு உலர்த்தி கட்டுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தத் தகட்டில் வெயில்காப்பு அடுக்கு பெரும்பாலும் ஒரு பக்கத்தில் மட்டுமே இருக்கும். மேலே ஒட்டிய காகிதத்தில் எந்தப் பக்கம் என்று எழுதியிருப்பார்கள். ஆசாரி அவசரத்தில் காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டுத் திருப்பி மாட்டினால், விலை உயர்ந்த தகடு சில கோடையில் பழுத்துவிடும்.

நிலப்போர்வை, அதாவது மல்ச்சிங் ஷீட் விஷயத்தில் நட்டம் வேறு விதமானது. நம் பார்வையில் இன்னும் பெரியது. தக்காளி, மிளகாய், தர்ப்பூசணிக்கு 25, 30 மைக்ரான் தாள் விரிக்கிறோம். மேலே வெள்ளி நிறம், கீழே கறுப்பு. நாலைந்து மாதப் பயிருக்குத்தானே, வெயில்காப்பு எதற்கு என்று தோன்றும். பயிர் முடிந்ததும் அந்தத் தாளை முழுதாக உருவி எடுக்க முடிய வேண்டும் என்பதற்காகத்தான். காப்புக் குறைந்த தாள் அறுவடைக்குள் நொறுங்கத் தொடங்கும். பிடித்து இழுத்தால் உள்ளங்கை அகலத் துண்டாக வரும். மீதி மண்ணில். அடுத்த உழவில் ரோட்டவேட்டர் அதைப் பொடியாக்கும். நாலைந்து பருவம் இப்படிப் போனால், மண்வெட்டியால் எங்கே கொத்தினாலும் வெள்ளித் துணுக்கு. பிளாஸ்டிக் துணுக்கு மக்குவதில்லை, சிறிதாகிக்கொண்டே போகிறது. வேரும் நீரும் போகும் பாதையில் உட்கார்ந்துகொள்கிறது. மேய வரும் மாட்டின் வயிற்றுக்கும் போகிறது.

இந்தத் தொல்லையை முதலில் பெரிய அளவில் அனுபவித்த நாடு சீனா. 8 மைக்ரான் அளவுக்கு மெலிந்த தாளை விரித்துவிட்டு எடுக்க முடியாமல் திண்டாடி, 2017இல் தரநிலையைத் திருத்தி, குறைந்தபட்சத் தடிமனை 10 மைக்ரானாக உயர்த்தினார்கள். நாம் அதைவிடத் தடித்த தாள்தான் பயன்படுத்துகிறோம். ஆனால் தடிமன் இருந்து காப்பு இல்லாவிட்டால் முடிவு அதேதான். வெயிலில் தானாகவே மக்கும் என்று சொல்லி விற்கும் சில தாள்களிலும் எச்சரிக்கை தேவை. அவற்றில் காப்புப் பொருளுக்கு நேர்மாறாக, சிதைவை விரைவுபடுத்தும் உப்புகளைச் சேர்க்கிறார்கள். தாள் கண்ணுக்குத் தெரியாமல் போகும், மண்ணை விட்டுப் போகும் என்று பொருளல்ல. ஐரோப்பிய ஒன்றியம் 2019இல் கொண்டுவந்த உத்தரவில் இவ்வகைப் பிளாஸ்டிக்கைத் தடை செய்தது. உண்மையிலேயே நுண்ணுயிர்கள் தின்று மக்கும் தாள் வேறு. அது மாவுச்சத்து போன்றவற்றிலிருந்து செய்யப்படுவது, விலையும் வேறு.

சரி, கண்ணுக்குத் தெரியாத பொருளை வாங்குபவர் எப்படிச் சோதிப்பது? மைக்ரானை நீங்களே சோதித்துக்கொள்ளலாம். கடையில் ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் துண்டு வெட்டி மின்னணுத் தராசில் வையுங்கள். 200 மைக்ரான் பாலித்தீன் தாள் 184 கிராம் வாக்கில் இருக்க வேண்டும். 25 மைக்ரான் நிலப்போர்வை 23 கிராம். 150 கிராம் காட்டினால் அது 200 மைக்ரான் அல்ல. பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

வெயில்காப்பை அப்படிச் சோதிக்க முடியாது. ஆய்வுக்கூடத்தில் செயற்கை ஒளிவிளக்கின் கீழ் ஆயிரக்கணக்கான மணி நேரம் வைத்து, நீட்சி எப்போது பாதியாகக் குறைகிறது என்று பார்ப்பார்கள். நீட்சி பாதியானால் தாளின் ஆயுள் முடிந்தது என்பதே தொழிலில் வழக்கமான அளவுகோல். சென்னை கிண்டியில் உள்ள சிப்பெட் நிறுவனத்தில் பிளாஸ்டிக் சோதனை வசதி உண்டு. தனி ஒரு விவசாயி அங்கே போய் நிற்பது கஷ்டம். உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் மொத்தமாக வாங்கும்போது ஒரு மாதிரியை அனுப்புவது கஷ்டமல்ல.

தனி ஆளாகச் செய்யக்கூடியது, பில்லைச் சரியாக வாங்குவது. 200 மைக்ரான் ஷீட், இத்தனை கிலோ என்று மட்டும் எழுதிய பில் உங்களுக்கு எதற்கும் உதவாது. தயாரித்த நிறுவனத்தின் பெயர், சுருள் எண், தயாரித்த மாதம், ஐ.எஸ். 15827 என்ற பசுமைக்குடில் தாளுக்கான இந்தியத் தர எண், எத்தனை ஆண்டு அல்லது எத்தனை கிலோலாங்லி உத்தரவாதம், கந்தகம் தாங்குமா என்ற விவரம், இவ்வளவும் பில்லிலோ அதோடு இணைத்த தாளிலோ இருக்க வேண்டும். எழுதித்தரத் தயங்குபவர் ஏன் தயங்குகிறார் என்பதை நீங்களே புரிந்துகொள்ளலாம். நம்முடைய பழக்கம், ரொக்கம் கொடுத்து ஜி.எஸ்.டி. இல்லாமல் வாங்கிச் சில ஆயிரம் மிச்சம் பிடிப்பது. அந்த மிச்சத்தோடு உத்தரவாதமும் போய்விடுகிறது.

கூரை போட்ட அன்றே அதே சுருளிலிருந்து இரண்டு மீட்டர் வெட்டி, தேதி எழுதி, வெளிச்சம் படாத பெட்டியில் வையுங்கள். மறந்துவிட்டவர்களுக்கும் வழியுண்டு. குடிலின் ஓரத்தில் மண்ணுக்குள் புதைத்த பகுதியும், அலுமினியச் சட்டத்துக்குள் மடித்துச் செருகிய பகுதியும் வெயில் காணாதவை. கூரை கிழிந்தால், கிழிந்த இடத்திலிருந்து ஒரு நாடா, புதைந்த இடத்திலிருந்து ஒரு நாடா வெட்டி இழுத்துப் பாருங்கள். இரண்டும் ஒரேபோல நீண்டால் காற்றுதான் கிழித்தது. விற்றவரோடு சண்டை போட்டுப் பயனில்லை. புதைந்தது நீண்டு, கூரை நாடா முறிந்தால், தாள் முன்பே வெயிலில் போய்விட்டது. உத்தரவாதக் காலத்துக்குள் இது நடந்திருந்தால் அந்த இரண்டு நாடாவும் உங்கள் சாட்சி. கூரையில் கந்தகம் படிந்திருந்ததா என்ற கேள்வி வரும்; மருந்து தெளித்த தேதியும் அளவும் எழுதிய நோட்டு இருந்தால் அதற்கும் பதில் சொல்லலாம்.

விற்றவர் கைவிரித்தால், மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. சொந்தப் பிழைப்புக்காகத் தானே உழைத்துப் பயிர் செய்பவரை 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நுகர்வோராகவே கருதுகிறது. பாதிப்பு நேர்ந்த இரண்டு ஆண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும். பொருளின் குறையைச் சோதித்தால்தான் தெரியும் என்றால், மாதிரியை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. கிழிந்த தாளை ஆத்திரத்தில் பழைய பிளாஸ்டிக்காரருக்குப் போட்டுவிடாதீர்கள்.

இவ்வளவு சுமையையும் விவசாயி தலையிலேயே வைப்பது நியாயமா என்பது அரசிடம் கேட்க வேண்டிய கேள்வி. பசுமைக்குடிலுக்கும் நிழல்வலைக்கும் நிலப்போர்வைக்கும் தோட்டக்கலைத் துறை மூலம் பாதி அளவுக்கு மானியம் வருகிறது. மக்கள் பணம் அது. பணி முடிந்ததும் அளவு பார்க்கிறார்கள். பரப்பு சரியாக இருக்கிறதா, தடிமன் சரியாக இருக்கிறதா என்று பார்க்கலாம், படம் எடுக்கலாம். தாளுக்குள் இருக்கும் சில கிராம் காப்புப் பொருளை எந்தக் கருவியாலும் வயலில் நின்றுகொண்டு அளக்க முடியாது. விதைக்கு 1966ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது, பூச்சிமருந்துக்கு 1968ஆம் ஆண்டுச் சட்டம், உரத்துக்கு 1985ஆம் ஆண்டுக் கட்டுப்பாட்டு ஆணை. மூன்றிலும் ஆய்வாளர் கடைக்கு வந்து மாதிரி எடுத்து, முத்திரையிட்டு, ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புகிறார். ஒரு மூட்டை யூரியாவுக்கு இருக்கும் அந்தப் பாதுகாப்பு, லட்சக்கணக்கில் கடன் வாங்கிப் போடும் கூரைக்கும் கிடைக்க வேண்டாமா?

பெரிய செலவு பிடிக்கும் ஏற்பாடு எதையும் நாம் கேட்கவில்லை. மானியத்தில் போடும் ஒவ்வொரு குடிலிலிருந்தும் ஒரு மீட்டர் தாளை, விவசாயியும் விற்றவரும் அலுவலரும் கையெழுத்திட்டு முத்திரை வைத்து, வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகப் பீரோவில் உத்தரவாதக் காலம் முடியும்வரை வைத்திருக்கலாம். ஆண்டுக்கு ஒரு முறை, ஒவ்வொரு நிறுவனத்தின் தாளிலும் சில மாதிரியைக் கண்ணை மூடி எடுத்துச் சோதனைக்கு அனுப்பி, முடிவை நிறுவனத்தின் பெயரோடு வெளியிடலாம். கோவையில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் துல்லியப் பண்ணைய மேம்பாட்டு மையம் இருக்கிறது. நம் மாநிலத்தின் சமவெளி வெயிலிலும் மலை வெயிலிலும் சந்தையில் விற்கும் தாள்களை வரிசையாக விரித்து வைத்து, எது எத்தனை மாதம் நின்றது என்று ஆண்டுதோறும் அறிக்கை தரும் வேலையை அங்கே ஒப்படைக்கலாம். மானியத்தின் ஒரு சிறு பகுதியை நிறுத்தி வைத்து, தாள் சொன்ன ஆண்டு நின்ற பிறகு நிறுவனத்துக்குக் கொடுக்கலாம். நிலப்போர்வைக்கு மானியம் தரும்போதே, பயிர் முடிந்ததும் தாளைத் திரும்ப வாங்கிக்கொள்ள விற்றவர் ஒரு நாளும் ஓர் இடமும் குறிப்பிட்டிருக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் சேர்க்கலாம். உருவினால் முழுதாக வரும் தாளைத்தான் அவரால் திரும்ப வாங்கி எடை போட முடியும் என்பதால், காப்புப் பொருளைக் குறைக்கும் ஆசையும் அவருக்குத் தானாகக் குறையும்.